பங்களிப்பாளர் பக்கத்தின் மேல் ஒட்டிய லேபிள்

பழிவாங்குவது தவறு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் யாருக்கும் பழிவாங்க வேண்டிய தேவை வந்ததில்லை. எனக்கு வந்தது, வாங்கினேன். கடைசிப் பத்தியில் நான் மனம் திருந்திவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அப்போது நான் ஆரணியில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் வேலையில் இருந்தேன். பட்டுச்சேலைப் பெட்டிக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் ஒரே கணினியில்தான். முதலாளி நெசவுக் குடும்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் சேலை விற்க, இவர் அந்தச் சேலைகளுக்கு அட்டைப்பெட்டி செய்யப் போனார். பெட்டியிலிருந்து அச்சுக்கு வந்துவிட்டார். நான் வரலாற்றில் எம்.ஏ. படித்தவள் என்பதால் பிழை திருத்தும் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. அதை நான் சந்தோஷமாகத்தான் செய்தேன்.

நான் இருளர். அரிசி ஆலைக் களத்தில் பிறந்தவள். அம்மா அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருக்க, நான் களத்து ஓரத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தேன். இதை நானே சொல்வது ஒன்று. என்னைப் பற்றி இதை மட்டும் இன்னொருவர் சொல்வது வேறொன்று. அந்த வித்தியாசம் தெரியாத ஒரு படித்த மனிதரால்தான் இவ்வளவும் நடந்தது.

அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்கு வந்தவர், பத்திரிகையையும் எங்களிடமே அடித்தார். நான்தான் அமைத்தேன். குலம், கோத்திரம், குலதெய்வம், தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம், சம்பந்தி வீட்டுத் தாத்தாவுக்கும் அதே பட்டம் என்று ஒன்றுவிடாமல் இருந்தது. "பட்டம் கொஞ்சம் பெரிய எழுத்துல இருக்கட்டும்மா" என்று பக்கத்தில் நின்று சொன்னார். அந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகையில் அவரே கவனிக்காத பிழைகளை நான் திருத்தியதைப் பார்த்து, என்ன படித்தாய், எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்தார். இருளர் என்றதும் அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. வட மாவட்டப் பழங்குடிகளின் வரலாற்றை ஒரு தொகுப்பு நூலாகக் கொண்டுவர இருக்கிறாராம். ஐந்து பேர் கட்டுரை எழுதுகிறார்களாம். "நீதாம்மா துணைப் பதிப்பாசிரியர்" என்று அன்றைக்கே வாயால் பதவி கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாய் வார்த்தையை நம்பி இரண்டு வருஷம் உழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வந்தவாசி பஸ் ஏறுவேன், அங்கிருந்து தேசூர்ப் பக்கம். ஏரிக்கரைக் குடியிருப்புகளில் உட்கார்ந்து, ஆலையிலும் சூளையிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வந்து, வார நாட்களில் வேலை முடிந்ததும் தட்டச்சு செய்வேன். கட்டுரையாளர்கள் அனுப்பியவற்றைப் படித்து, மேற்கோள்களைச் சரிபார்த்து, ஒருவர் சொன்னதையே இன்னொருவர் சொன்ன இடங்களை வெட்டி, ஐந்து பேருடைய ஐந்து விதமான தமிழை ஒரே புத்தகத்துக்கு உரிய தமிழாக்கினேன். பேராசிரியர் முன்னுரை எழுதினார். அதையும் நான்தான் திருத்தினேன்.

புத்தகம் முடியும் தறுவாயில் ஒரு விளம்பரம் வந்தது. ஓர் ஆவணக் காப்பகத்தில் பழங்குடி வரலாற்றுப் பிரிவுக்குத் துணைப் பதிப்பாசிரியர் தேவை. பதிப்புப் பணி செய்ததற்குச் சான்றாக, அச்சான நூலில் அதைக் குறிப்பிடும் பக்கத்தை இணைக்க வேண்டும். எனக்காகவே கேட்டதுபோல இருந்தது. என்னிடம் இருந்தது இந்த ஒரு புத்தகம்தான். அதில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் ஒரு வரி. அந்த வரி இருந்தால் சேலைப் பெட்டியிலிருந்து எனக்கு விடுதலை.

நூலின் கடைசியில் பங்களிப்பாளர் பக்கம் என்று ஒன்று வரும். எழுதியவர்கள், தொகுத்தவர்கள் ஒவ்வொருவரின் படிப்பு, பணி, அனுபவம் எல்லாம் அதில்தான் இருக்கும். மற்றவர்களுக்கு நான் எழுதினேன். எனக்கு மட்டும் தானே எழுதுவதாகப் பேராசிரியர் சொன்னார். மரியாதை செய்கிறார் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன்.

அவர் அனுப்பிய பக்கத்தில் அவரைப் பற்றிப் பதினாறு வரி. கட்டுரையாளர்களில் ஒருவரான, வெளியூர்க் கல்லூரியில் மானுடவியல் சொல்லித்தரும் அம்மையாருக்கு அவர் போய்வந்த கருத்தரங்குகள் எல்லாம் இருந்தன. எல்லோருக்கும் கீழே, பக்கத்தின் அடியில், நான். "இருளர் சமூகத்தில் பிறந்தவர். ஆரணியில் வசிக்கிறார்."

எம்.ஏ. இல்லை. பதிப்பு இல்லை. அச்சகம்கூட இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் தொழில் இருந்தது, எனக்குப் பிறப்பு மட்டும் இருந்தது. ஏதோ நான் பிறந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒரு காரியமும் செய்யாமல் ஆரணியில் வசித்துக்கொண்டே இருக்கிறேன் என்பதுபோல.

உடனே போனில் கூப்பிட்டேன். குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினேன்.

"சார், துணைப் பதிப்பாசிரியர்னு சொல்லியிருந்தீங்க. ஆவணக் காப்பகத்துல ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கணும், அந்தப் பக்கம்தான் எனக்குச் சான்று."

"அட, நீ என்னம்மா" என்றார். "டிகிரி யாரு வேணா வாங்கலாம். இந்தப் பொறப்பு யாருக்குக் கிடைக்கும்? அதுதாம்மா உன் பலமே. நீ அந்த மண்ணோட குரல். பதிப்பாசிரியர், எம்.ஏ.ன்னு போட்டா உன்னையும் எங்கள மாதிரி ஆக்கிடும். அந்த உண்மைத்தன்மை போயிடும்."

"அப்ப இந்த ரெண்டு வருஷ வேலைய யாரு சார் செஞ்சது?"

"எல்லாரும் சேர்ந்துதாம்மா செஞ்சோம்" என்றார். கூடவே, வெளியீட்டு விழாவுக்கு என் அம்மாவைக் கட்டாயம் அழைத்துவர வேண்டும், குடியிருப்பு மக்களுக்கு வேன் ஏற்பாடு செய்திருக்கிறேன், முன்வரிசையில் உட்காரட்டும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார். ஆனால் என்னைப் பற்றிய அந்த வரியைவிட வேறொருவரைப் பற்றிய வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கட்டுரை எழுதிய ஐவரில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி. "பணிக்காலத்தில் பழங்குடி மக்களோடு நெருங்கிப் பழகியவர்" என்று அவர் குறிப்பில் இருந்தது. கட்டுரை அஞ்சலில் வந்ததால் எழுதியவரை நேரில் சந்திக்க நேரவில்லை. குறிப்போடு அச்சிடப் படம் அனுப்பினார். அந்தப் படத்தைத் திரையில் திறந்தபோதுதான் ஆள் யாரென்று தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்குச் சாதிச் சான்று வேண்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் ஆலையில் கூலியை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு ஓர் ஆபீசுக்கு அலைந்தார்கள். ஒருநாள் ஒருவழியாக அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். அவர் என் சீருடையை, ரிப்பனை, புத்தகப் பையைப் பார்த்தார்.

"இருளர்னா எலி பிடிக்கத் தெரியணுமே. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் எலி எங்கே பிடிப்பது?

"தெரியாதா? அப்ப எப்படி நம்பறது?" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான், "நான் புடிச்சிக் காட்றேங்கய்யா" என்றாள். ஆபீசுக்குப் பின்னால் கரம்பில் குந்தி, வளையைப் பார்த்து, வெறுங்கையால் தோண்டி, ஓர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். ஆபீஸ்காரர்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். சான்று அன்றைக்கும் கிடைக்கவில்லை. அது கைக்கு வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

நெருங்கிப் பழகியவர்தான், மறுப்பதற்கில்லை. இன்றைக்கு அவருக்குப் பெயர் ஆய்வாளர். நான் இருளர்தான் என்று நிரூபிக்க அன்றைக்கு என் அம்மா மண்ணில் குந்த வேண்டியிருந்தது. இப்போது பேராசிரியர் அதே சான்றைக் கேட்காமலே கொடுத்துவிட்டு, நான் சம்பாதித்த மற்ற சான்றுகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டார். இந்த இரண்டு பேரையும் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

பதிப்பு வேலையில் ஓர் அரிச்சுவடி உண்டு. ஒரு பக்கத்தில் ஒரே மாதிரியான தகவல்கள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் எழுத வேண்டும். ஒருவருக்குப் படிப்பும் இன்னொருவருக்குப் பிறப்பும் போட்டால் அது பிழை. பிழை என்று பட்டதைத் திருத்துவது என் வேலை. திருத்தினேன்.

என்னுடைய இரண்டு வாக்கியங்களில் கை வைக்கவில்லை. மற்றவர்களுடையதை அதேபோல மாற்றினேன். பேராசிரியருக்கு, "இன்ன சமூகத்தில் பிறந்தவர். சென்னையில் வசிக்கிறார்." அதிகாரிக்கு, "இன்ன சமூகத்தில் பிறந்தவர். வேலூரில் வசிக்கிறார்." இங்கே இன்ன என்கிறேன், அங்கே பட்டத்தோடு போட்டேன். தகவலுக்கு நான் எங்கும் அலையவில்லை. பேராசிரியருடையது அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் பெரிய எழுத்திலேயே இருந்தது. அதிகாரியுடையது அவர் சங்கத்து ஆண்டுவிழா அழைப்பிதழில் இருந்தது. அதையும் நாங்கள்தான் அடித்தோம். இன்னொருவருடையது மகனுக்குப் பெண் தேடிக் கொடுத்த விளம்பரத்தில். மேடையில் மறந்துபோகிற பிறப்பு வீட்டு விசேஷத்தில் இவர்களுக்குத் தவறாமல் ஞாபகம் வந்துவிடும். அச்சகத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒளித்து மறைத்துச் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கிற கடைசி மெய்ப்பைப் பேராசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எழுதினேன்: "பங்களிப்பாளர் பக்கத்தை ஒரே அளவுகோலில் திருத்தியிருக்கிறேன். தயவுசெய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்." அவர் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் நான் அனுப்பிய எதையும் அவர் திறந்து படித்ததில்லை. அட்டையை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பார். கட்டை விரலை உயர்த்திய ஒரு பொம்மை வந்தது. அடுத்து, "அட்டையில் என் பெயர் இன்னும் கொஞ்சம் மேலே." பெயரை மேலே ஏற்றிவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

அச்சான பிரதிகள் அவர் வீட்டுக்குப் போன அன்று போன் வந்தது. என்னிடம் இல்லை, முதலாளியிடம். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே முதலாளி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற? அவுரு குதியோ குதின்னு குதிச்சிகினு இருக்காரு. செம பேஜாராப் போச்சு."

நான் வாட்ஸ்அப்பைத் திறந்து அந்தக் கட்டை விரலைக் காட்டினேன். முதலாளி அதைப் பார்த்தார். திருத்திய பக்கத்தைப் பார்த்தார். மெல்ல இழுத்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, "நீயே பேசு" என்று போனை என் கையில் கொடுத்தார்.

பேராசிரியர் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "இப்படிப் பண்ணிட்டியேம்மா. நாங்கல்லாம் சாதிய எதிர்க்கிறவங்க. இத நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அதுதான் சார் உங்க பலமே" என்றேன். "டிகிரி யாரு வேணா வாங்கலாம்."

விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, மறுபடி அச்சடிக்க வழியில்லை. அந்தப் பக்கத்தின் மேல் புதிய பக்கம் ஒன்றை ஒட்டிவிடலாம் என்று அவரே சொன்னார். செய்யலாம் என்றேன். ஆனால் அளவுகோல் ஒன்றுதான்: எல்லோருக்கும் பிறப்பு, இல்லையென்றால் எல்லோருக்கும் வேலை. எது வேண்டுமோ சொல்லுங்கள் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "வேலையவே போட்டுக்கோ" என்றார். எம்.ஏ., அச்சக அனுபவம், கள ஆய்வு, இந்நூலின் துணைப் பதிப்பாசிரியர். என் குறிப்பை நானே எழுதினேன். மற்றவர்களுடையதைப் பழையபடியே போட்டேன். அதிகாரியின் குறிப்பில் நெருங்கிப் பழகியவர் என்பதையும் அப்படியே விட்டுவைத்தேன்.

எங்கள் அச்சகத்தில் ஒட்டும் காகிதம் இரண்டு வகை. ஒன்று, ஒட்டினால் ஒட்டியதுதான், கிழித்தால் அடிக்காகிதமும் சேர்ந்து வரும். இன்னொன்று வெளியூர்க் கடைகளுக்கு மொத்தமாகப் போகும் சேலைப் பெட்டிகளுக்கு. வாங்கும் கடைக்காரர் ஆரணிப் பெயரை உரித்துப் போட்டுவிட்டுத் தன் கடைப் பெயரை ஒட்டிக்கொள்வார். அதனால் அது நகம் பட்டாலே உரிந்து வர வேண்டும், அடியில் தடம் தெரியக் கூடாது.

"எந்த ரோலும்மா போடறது?" என்று முதலாளி கேட்டார்.

"கடைக்குப் போற ரோல்ணா."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அவருடைய அண்ணன் தம்பி சேலைகளும் பெயர் உரிக்கப்பட்டுத்தான் எங்கெங்கோ விற்கின்றன. "ஜல்தியா ஒட்டி அனுப்பிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த ரோலைத் தானே எடுத்து மாட்டினார்.

வேலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டிய பக்கத்தின் நகலை இணைத்து விண்ணப்பித்தேன், கிடைத்தது. இன்று பழங்குடி வரலாறு எழுதுகிறவர்களின் பணிக்குறிப்புகளைத் திருத்துவதுதான் என் பிழைப்பில் பாதி. ஆனால் நான் சொல்லவந்தது அந்த விழாவைப் பற்றி.

ஆரணியில் ஒரு கல்யாண மண்டபம். சித்திரை வெயில். மேடையில் பேராசிரியர், அதிகாரி, மற்ற கட்டுரையாளர்கள். முன்வரிசையில் வேனில் வந்த எங்கள் ஆட்கள், நடுவில் அம்மா. வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். பேச்சு நீண்டது, மின்விசிறி வெக்கையைத்தான் வாரி வீசியது. சும்மா இருக்கும் கை என்ன செய்யும்? புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள், புரட்டினார்கள், கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். ஒட்டிய காகிதத்தின் மூலை வெக்கையில் லேசாக எழும்பியிருந்தது. மூலை எழும்பினால் நகம் வைக்காமல் இருக்க யாராலும் முடியாது.

முதலில் பின்வரிசையில் ஒரு சத்தம், துணி கிழிவதுபோல மெல்லிசாக. பிறகு இடது பக்கம். பிறகு இங்கே, அங்கே. யாரோ பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை இடித்தார். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பேராசிரியர், பழங்குடி மக்களின் அடையாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், நிறுத்தினார். மேடையில் மானுடவியல் அம்மையார் கையிலும் உரித்த காகிதம் இருந்தது. பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் என்னைத் தேடிப் பார்த்தார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்த மத்தியானம் வேறில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எல்லோரும் உரிப்பதைப் பார்த்து அவளும் உரித்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இன்னாடி போட்டுகீது இதுல?"

"மேடையில கீறவங்கல்லாம் யாரு, எந்தச் சாதின்னு."

"நம்மள கேட்டாங்களே, அத மாதிரியா?"

"அத மாதிரிதான்."

அம்மா மேடையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து அதிகாரியிடம் நின்றாள். வயதாகித் தலை நரைத்திருந்தார், ஆனால் சிரிப்பு அதேதான். "இவுரு அவுருதான?" என்றாள். ஆமாம் என்றேன்.

குழப்பத்தை மூடி மறைக்க, நிகழ்ச்சியை நடத்தியவர் அவசரமாக அடுத்ததை அறிவித்தார். பழங்குடி மக்கள் சார்பில் ஒரு தாய் வந்து, அவர்களோடு நெருங்கிப் பழகிய ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்துவார். பேராசிரியரின் ஏற்பாடு. அதற்குத்தான் அம்மாவைக் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் எழுந்து தடுக்கப் போனேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு மேடை ஏறினாள்.

பொன்னாடையை அவள் கையில் கொடுத்தார்கள். அதிகாரி எழுந்து, தலையைச் சற்றுக் குனிந்து, போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றார். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது. அம்மா போர்த்தவில்லை.

"ஐயா, உங்களுக்கு எலி புடிக்கத் தெர்யுமா?" என்று கேட்டாள்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. வேனில் வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வி தெரியும், ஒவ்வொருவரிடமும் ஏதோ ஓர் ஆபீசில் அதைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி, "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"தெர்யாதா? அப்ப எப்பிடி நம்பறது?" என்றாள் அம்மா.

பொன்னாடையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படி இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.